AMMA என்றொரு கோப்பு

மல்லாவியில் மாமாவின் தட்டச்சுக் கடையில் ஒரு கணினி இருந்தது. போரால் ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரை மாமா ஒரு மணி நேரம் மட்டும் போடுவார். அதற்காக நாள் முழுவதும் காத்திருப்பேன்.

எனக்குப் பத்து வயது. அம்மா வைத்தியத்துக்காக வவுனியாவுக்குப் போயிருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகளோடு கதைக்கக் கூச்சம். கணினி அப்படியல்ல, கறுப்புத் திரையில் DIR என்று அடித்தால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும்.

"உதோட கதைக்கிறதில பாதியை எங்களோட கதைச்சா வாய் தேஞ்சு போமோ?" என்பார் மாமி.

அந்த வரிசையில் AMMA என்றொரு கோப்பு இருந்தது. சோதனைச்சாவடியைத் தாண்டி நான் அம்மாவிடம் போக இராணுவத்திடம் அனுமதி கேட்டு மாமா ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். அச்சடிக்க ரிப்பன் கிடைக்காமல் வாரக்கணக்காக அங்கேயே கிடந்தது. TYPE AMMA என்று அடித்தால் திரையில் ஓடும். எனக்கு விளங்கியது என் பெயர் மட்டும்தான். அது இரண்டு இடங்களில் வரும். அதைப் பார்க்கவே தினமும் அடிப்பேன்.

தாள் கிடைக்காத காலம் அது. வந்த கடிதத்தின் வெறும் பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்புவோம். ஒருநாள் நானும் அந்தக் கடிதத்தின் அடியில் அம்மாவுக்கு இரண்டு வரி எழுத நினைத்தேன். மாமா புதுக் கோப்புத் தொடங்குவதைப் பார்த்திருந்ததால், அதேபோல COPY CON AMMA என்று அடித்தேன். 'அம்மா கெதியா வாங்கோ. மாமியின்ரை புட்டு கல்லு மாதிரி' என்று ஆங்கில எழுத்துகளில் எழுதி முடித்தேன். பிறகு TYPE AMMA அடித்துப் பார்த்தால் என் இரண்டு வரி மட்டும்தான் இருந்தது. அதே பெயரில் எழுதியதால் மாமாவின் கடிதம் அழிந்துவிட்டது.

ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, வவுனியாவிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மாவைப் பற்றி விசாரிக்கப் போயிருந்த மாமா அப்போதுதான் திரும்பினார். திரையை இரண்டு தரம் வாசித்தார்.

"கடிதம் அழிஞ்சு போச்சு மாமா. இனி என்னைப் போக விடமாட்டினமே?"

"அது இனித் தேவைப்படாதடா."

அம்மாவே வரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"புட்டுக் கதையை மாமிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மாமா தலையாட்டினார். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் ஊற்றுகிறவர், அன்று ஒரு மணி நேரம் கடந்தும் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை.

"விரும்பினதை அடி" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

எண்ணெய் தீர்ந்து திரை அணையும்வரை, அம்மா வந்ததும் காட்டவேண்டியவற்றை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தேன்.