கால் மணித்தியால வெயில்

சித்திரை மாதம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. திருகோணமலையில் நாய்கூட நிழல் தேடிப் படுத்துவிடும் நேரம். அந்த நேரத்தில் ஒரு மனிதர் தம் ஸ்ரூடியோவின் மொட்டை மாடியில், இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக் குப்புறக் கிடந்து நித்திரை கொள்கிறார் என்றால்... அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

நானும் அதைத்தான் நினைத்தேன்.

பாஸ்போர்ட் படம் வாங்கப் போனவன் நான். கடைக்குள் ஆளைக் காணவில்லை. படியேறிப் பார்த்தால் — அவித்த இறால் நிறத்தில் முதுகு! என் நண்பர் குணரத்தினம்.

"மச்சான், எழும்பு! என்ன கோதாரி வேலை இது?"

எழும்பப் பார்த்தார். தலை சுற்றி என் தோளில் சாய்ந்தார். பிறகு என் புதுச் செருப்பின் மேல் சத்தி எடுத்தார்.

குணரத்தினத்துக்கு வயது நாற்பத்திரண்டு. வெளியே போய்ப் படம் பிடிப்பது அவருடைய தம்பி. உள்ளே இருட்டறையில் படச்சுருளைக் கழுவி எடுப்பது இவர். இருபது வருஷமாக இதே சீவியம். விடிய உள்ளே போனால் பொழுதுபட்டுத்தான் வெளியே வருவார். ஊர்க் கலியாணம் அத்தனையும் இவர் கையால் கழுவி வந்திருக்கிறது. தம் கலியாணம் மட்டும் நடக்கவில்லை.

இந்த வருஷம் ஒருவாறு பொருந்தி வந்தது. பெண் பரமேஸ்வரி ரீச்சர், வயது முப்பத்தாறு. வைகாசியில் நாளும் வைத்தாயிற்று.

அங்கேதான் சிக்கல். மாப்பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் ஒரே உளைவு. நிலத்தில் இருந்தால் தானாக எழும்ப ஏலாது; இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். எங்கள் கலியாணத்திலோ மாப்பிள்ளை மணவறையில் சம்மணம் கட்டியிருந்து, பிறகு எழும்பிப் போய்த்தான் தாலி கட்டவேண்டும். ஊரே பார்த்திருக்க அரிசி மூட்டை தூக்குவதுபோல் தூக்குவதா? பெண்ணின் தமையன் வேறு, "ஆளுக்கு ஏதும் வருத்தமோ?" என்று அங்குமிங்கும் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

இந்த மொட்டை மாடிக் கூத்துக்கு முன்னமே இரண்டு பேருமாக டொக்டரிடம் போயிருந்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்கடை எலும்புக்கு வெயில் காணாது. ஒவ்வொரு நாளும் காலமை, கால் மணித்தியாலம், கையிலையும் முதுகிலையும் வெயில் படட்டும். முட்டை, மீன் சாப்பிடுங்கோ. இந்தக் குளிசையையும் போடுங்கோ. மூண்டு நாலு மாசத்திலை சுகம் தெரியும்."

கலியாணத்துக்கு இருந்ததோ மூன்று கிழமை. விடுவாரா எங்கள் ஆள்? தொழில்காரர் அல்லவா, கணக்குப் போட்டார். மங்கல் வெளிச்சத்தில் படமெடுத்தால் கமராவைக் கூடுதல் நேரம் திறந்து வைப்பதில்லையா? இருபது வருஷம் வெளிச்சம் காணாத உடம்புக்குக் கால் மணித்தியாலம் எந்த மூலைக்கு? நாலு மணித்தியாலம் கொடுத்தால் கெதியாகச் சுகம் வரும்! நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் எண்ணெய் பூசிக்கொண்டு நாள் முழுக்கக் கிடக்கவில்லையா?

கிடக்கிறார்கள்தான். சாயந்தரம் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

மாடியிலிருந்து திரும்பவும் டொக்டரிடம் கொண்டு ஓடினேன். முதுகில் கொப்புளம், காய்ச்சல், வாந்தி. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் ஆளே தப்பியிருக்கமாட்டார் என்றார் டொக்டர். தேவையான அளவு திட்டிவிட்டுக் கேட்டார்: "படம் எடுக்கேக்கை கமராவைக் கணக்குக்கு மிஞ்சித் திறந்து வைச்சால் என்ன நடக்கும்?"

"படத்திலை ஒண்டும் தெரியாது டொக்டர். பழுதாய்ப் போகும்."

"அதுதான் இப்ப உங்கடை முதுகு!"

மறுநாள் லிங்கநகரில் இருந்த குணரத்தினத்தின் வீட்டுக்குப் பெண்ணும் தமையனும் வந்தார்கள். மாப்பிள்ளை முதுகில் வாழையிலை போர்த்திக் குப்புறக் கிடந்தார். இருபது வருஷம் கழித்துக் கிடைத்த வாழ்வு, கண்ணுக்கு முன்னால் போகப்போகிறதே!

"பாத்தியோ பிள்ளை? நான் அப்பவே சொன்னனான். இந்தக் கதையை இதோடை விடுவம்" என்றார் தமையன்.

குணரத்தினம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது.

ரீச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்: "இருவது வருஷக் குறையை மூண்டு கிழமையிலை தீர்க்கவோ வெளிக்கிட்டனீங்கள்?"

குணரத்தினம் தலையை மட்டும் மெல்லத் திருப்பினார்.

"நான் முப்பத்தாறு வயசு வரை பொறுத்தனான். எனக்கே அவசரமில்லை, உங்களுக்கு என்ன அவசரம்?" பிறகு தமையன் பக்கம் திரும்பினார். "அண்ணை, விட வேண்டாம். ஆவணிக்குத் தள்ளி வைப்பம்."

அடுத்த கிழமை ரீச்சர் வீட்டிலிருந்து ஒரு அலாரம் மணிக்கூடு வந்தது. தோல் உரிந்து ஆறிய பிறகு குணரத்தினம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு காலையில் கடற்கரைக்குப் போவார். கால் மணித்தியாலம் நடப்பார். மணி அடித்தால் அரை அடிகூட மேலே வைக்காமல் நிழலுக்கு ஓடுவார். துணைக்குப் போன எனக்கும் இப்போது நல்ல நித்திரை வருகிறது. ஒப்பிஸில் சிடுசிடுப்பதும் குறைந்துவிட்டதாகக் கேள்வி.

நம்மவர்கள் விசித்திரமானவர்கள். கறுத்துப் போவோம் என்று பயந்து பட்டப்பகலில் யன்னலைச் சாத்தி வைப்போம். வெயில் நல்லது என்று யாராவது சொன்னாலோ அதற்குள் போய்ப் படுத்துவிடுவோம். டொக்டர் சொன்ன அளவு மட்டும் ஏனோ நமக்குப் போதுவதேயில்லை.

போன வெள்ளிக்கிழமை கலியாணம். தாலி கட்டும் நேரம் வந்தது. மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பெண்ணின் தமையன் கையை நீட்டினார். குணரத்தினம் தலையை ஆட்டி மறுத்தார். தொடையில் கையை ஊன்றினார். ஒருதரம் தள்ளாடினார், பிறகு நிமிர்ந்து நின்றார். தானாக! கெட்டிமேளம் முழங்கியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

சடங்கு நீண்டு, அருந்ததி பார்க்க மணமக்களை ஐயர் வெளியே கூட்டிவந்தபோது உச்சி வெயில். வானத்தைக் காட்டி ஆறுதலாக விளக்கம் சொல்லத் தொடங்கினார். குனிந்த தலை நிமிராமல் நின்ற மணப்பெண் வாயைத் திறந்தார்.

"ஐயா, கெதியாக் காட்டுங்கோ. இவர் இந்த வெயிலிலை நிற்கக் கூடாது."