காப்பு அவிழட்டும் என்று காத்திருந்தோம்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள், சிலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டையும் வேண்டிய மட்டும் வாங்கியவள் நான், அவருடைய ஒரே தங்கை. வாழ்நாளெல்லாம் ‘நீ’ என்று கூப்பிட்டவரை ‘அவர்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அச்சில் அதுதான் மரியாதை என்று அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், சொல்லிவிட்டார்.

மம்சாபுரத்தில் பிறந்தோம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னைப் படிக்க வைத்தவர் அக்கா. ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்கு இருபது வருடத்துக்கு மேல் போனார். சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஏறியதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எனக்குப் போன் வரும். “ஏட்டி, சாப்ட்டியா? என்ன கொழம்பு?” எந்தக் குழம்பைச் சொன்னாலும் அதில் ஒரு குறை வைத்திருப்பார். இப்போதும் அந்த நேரம் வந்தால் அடுப்படியில் எனக்குக் கை ஓடுவதில்லை.

என் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்காக அம்மன் கோயில் பூக்குழித் தீயில் இறங்குவதாக அக்கா நேர்ந்திருந்தார். காப்புக் கட்டிக்கொண்டு விரதத்துக்கு என் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்குட்டி. வலியே இல்ல. நர்ஸம்மாட்டக் காட்டுனேன், மதுரைக்குப் போய்ப் பாக்கச் சொல்லுதாவ. நாளைக்குப் போயிட்டு வந்துருவமா?”

“காப்புக் கட்டிட்டு ஊரெல்லையத் தாண்டலாமாக்கா? வலி இல்லைன்னா ஒண்ணும் இருக்காது. பூக்குழி முடியட்டும்.”

சொன்னது நான்தான். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். காப்பு சில நாளில் அவிழ்ந்தது. ஆனால் ஒரு தடவை தள்ளிப்போட்டது அடுத்தடுத்துத் தள்ளிப்போட வசதியாகப் போயிற்று. பேரனுக்கு மொட்டை, அத்தானுக்குக் கண் ஆபரேஷன், கம்பெனியில் ஆள் இல்லை என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. மதுரையில் டாக்டர், “முதல்லயே வந்திருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

ஆபரேஷன் ஆனது, மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. “எண்ணெய்ச் செலவு மிச்சம்” என்று சிரித்தார். வெட்டி எடுத்த கட்டியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று டாக்டர் கேட்டபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நம்ம பிள்ள ஒடம்ப வச்சு என்ன ஆராய்ச்சி வேண்டிக்கெடக்கு?”

அக்கா பேனாவைக் கேட்டு வாங்கினார். “நான் மடிச்ச துணி எந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போவுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கனா சித்தப்பா? எவளோ ஒருத்திக்குப் புண்ணு ஆறும்னுதான மடிச்சேன். இதுவும் அப்படிப் போகட்டும்.” கையெழுத்துப் போட்டார்.

கடைசி நாட்களில் அவருக்கு ஒரே கவலைதான் இருந்தது. “கூடப்பொறந்தவளுக்கும் வரலாமாம்ட்டி. நீ போயிப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு.” “நீ எந்திரிச்சு வாக்கா, சேந்து போவோம்” என்றேன். பயம்தான், வேறென்ன? தினமும் கேட்டார், தினமும் நாளைக்கு என்றேன். பதில் கேட்காமலே போய்விட்டார்.

அக்கா ஆசைப்பட்டபடி, நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு வழக்கம்போலப் பாத்திரம் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, நம் வீட்டுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போக மறுநாள் வேன் பேசியிருக்கிறோம். மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் நீர் வடிதல் எதுவானாலும், வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்க்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, டாக்டரைக் கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அத்தைமாரே, உங்களைத்தான் அக்கா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். யாருக்காவது நோய் என்றால் அந்த வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவதைவிட, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டால் விசாரித்துவிட்டு, மனம் ஒப்பினால் கொடுங்கள்.

ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், முறை வைத்து மதுரைக்குக் கூட வந்த பேண்டேஜ் கம்பெனித் தோழிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், அக்காவின் தலையைத் தினமும் துடைத்துவிட்ட அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. தான் போகாதவள் பிறருக்கு என்ன சொல்வது? போன வாரம் மதுரைக்குப் போனேன். “குடும்பத்துல யாருக்காவது இருந்திச்சா?” என்று நர்ஸ் கேட்டார். “அக்காவுக்கு” என்றேன். “இப்ப நல்லா இருக்காங்களா?” என்றார். நான் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லையாம். வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சரியாக அக்கா போன் வரும் அந்தச் சாயங்கால நேரம்.

போயிட்டு வந்துட்டேன்க்கா. நீ சொல்லச் சொன்னியே, அதான் சொல்லுதேன்.