கலக்காமல் விட்ட குழி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் விஜயலெட்சுமி சும்மா உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் மாட்டுக்குப் புல் அறுப்பாள். புல்லைப் போட்டுவிட்டு, மலையேறி விறகு சுமந்து வருவாள். இதைச் சிலர் நற்குணம் என்பார்கள். பாதி பழக்கம், பாதி பயம் என்பதே சரி. கங்காணியின் அதட்டல் அவளுக்கு வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது.

1998இல் ஒரு திட்டத்தின் கீழ், அவள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் சாணவாயுக் குழி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். சாணத்தைக் கரைத்து ஊற்றினால், உள்ளே வாயு உண்டாகிக் குழாய் வழியாக அடுப்புக்கு வரும். விறகுச் சுமை நின்றது. இரண்டு மாதம் நன்றாக எரிந்தது. இன்னும் நன்றாக எரியட்டும் என்று, காலையும் மாலையும் நீண்ட மூங்கிலை விட்டுக் குழியைக் கலக்கினாள். சுடர் சுருங்கியது. இன்னும் வேகமாகக் கலக்கினாள். அணைந்தே போனது.

பதுளையிலிருந்து வந்த திட்ட அதிகாரி குமாரசிங்கம் குழாயைச் சோதித்தார். எங்கும் கசிவில்லை.

“மாத முடிவில வருவன். அப்பவும் எரியாட்டி மூடிப்போட வேண்டியதுதான், அம்மா.”

மறுநாள் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கி மூன்று வாரம் படுக்கை. சாணம் ஊற்றும் வேலை கணவன் வீரய்யாவிடம் போனது.

“ஏங்க, குழிய நல்லா கலக்குனீங்களா?”

“ஆமா, ஆமா” என்றபடியே கேரம் விளையாடப் போய்விடுவார்.

மாத முடிவில் அதிகாரி வந்தார். நொண்டிக்கொண்டே போய் அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். அடுப்பில் நீலச்சுடர் குப்பென்று எழுந்தது.

“பாத்தீங்களா ஐயா! எங்க வீட்டுக்காரரு கலக்குன கலக்கு!”

வீரய்யா தலையைச் சொறிந்தார். “நான் ஒருநாளும் கலக்கலீங்க.”

“அடப்பாவி மனுசா!”

“அதாலதான் எரியுது” என்று குமாரசிங்கம் சிரித்தார். “உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குட்டிக் கட்டிகளா ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு இனம் சாணத்தைத் தின்னும். அது கழிக்கிறதை ஒட்டியிருக்கிற மற்ற இனம் உடனே தின்னோணும். அதுதான் எரியிற வாயுவை விடும். கழிவு தேங்கினா முதல் இனத்துக்கும் தின்ன ஏலாது. நீங்கள் ஓயாமல் கலக்கி, ஒட்டியிருந்த அயலைப் பிரிச்சுப்போட்டியள்.”

அவள் யோசித்தாள். “நாங்க வாசல் இஸ்தோப்புல நின்னுக்கிட்டே அடுத்த வீட்டுக்குக் கறி குடுக்குறாப்புல?”

“ஓம். அடுத்த வீட்டுக்காரரை அடுத்த மலைக்கு அனுப்பிப்போட்டா, கறியை ஆருக்குக் குடுப்பியள்?”

“நானும் இதத்தான் நெனச்சேன்” என்றார் வீரய்யா.

“நீங்க நெனச்சது கேரம் போர்ட!”

வீரய்யாவின் சோம்பலை ஞானம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விஜயலெட்சுமியின் சுறுசுறுப்பால் ஆகாதது அதனால் ஆனது என்பதை மறுக்கவும் முடியாது.

“அப்போ கலக்கவே கூடாதுங்களா?”

“வாரத்துக்கு ஒருக்கா, மெதுவா.”

“மத்த நாள்ல நான் என்ன செய்ய?”

அதிகாரி அவள் நீட்டிய கோப்பையை வாங்கினார். தேநீரைக் குடித்துவிட்டு, குழி இருக்கட்டும் என்று சொல்லிப் புறப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் விறகுக்கு ஏறினார்கள். விஜயலெட்சுமி போகவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து, சூடாக இரண்டாவது கோப்பைத் தேநீர் குடித்தாள்.