பசை இல்லாமல் நின்ற கண்ணாடி

போன வாரம் மருமகள் வாங்கிய புது அலமாரியைத் திறந்தேன். பசை வாசம் குப்பென்று அடித்தது. "ரெண்டு நாள்ல போயிரும் மாமா" என்றாள். அதற்குள் நான் நினைவில் கொடைக்கானலுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டறையில் வரைபடம் போடும் வேலை எனக்கு. மூக்குக்கண்ணாடிக் கம்பெனி என்றுதான் அம்மா எங்கள் ஊர் அய்யம்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். விண்வெளிக்குப் போகும் லேசர் கருவிக்குக் கண்ணாடி செய்கிறோம் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே பாதி நம்பிக்கைதான். இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு, கோடு கோணாமல் இழுப்பதே எனக்குப் பெரிய சாதனை.

பக்கத்து மேசை செல்வராஜண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். தோட்டத்துப் பழக்கத்தில் மேலாளரைத் 'தொரை' என்பார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

அப்போது எங்களை ஒரு கறை படுத்தி எடுத்தது. காற்றை உறிஞ்சி எடுத்த சாடிக்குள் கண்ணாடியை வைத்து நாள்கணக்கில் லேசரைப் பாய்ச்சுவோம். ஒவ்வொரு முறையும் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி விழும். தேய்த்தவர்களைத் திட்டினோம், தூசியைத் திட்டினோம், கொடைக்கானல் மூடுபனியைக்கூட விடவில்லை. ஒருநாள் செல்வராஜண்ணன் சாடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"கண்ணாடில பிழையில்ல தம்பி. இதை ஒட்டியிருக்கோமே, அந்தப் பசைதான் ஆவியாகி மேல படியுது. லேசர் அதைக் கருக்கிருது."

"பசை இல்லாம கண்ணாடி அந்தரத்துலயா நிக்கும்ண்ணே?" என்று கேலி செய்தேன்.

நிற்க வைத்தார். கண்ணாடியின் விளிம்பைப் பிடிக்க மூன்று மெல்லிய உலோகத் தகடுகள். சூட்டில் கண்ணாடி விரிந்தால் அவை வளைந்து கொடுக்கும், ராக்கெட் எவ்வளவு உலுக்கினாலும் பிடியை விடாது. பல மாதம் அதே வேலை. கொதிக்க வைத்தோம், உறைய வைத்தோம், உலுக்கினோம். கறை விழவில்லை. அன்று அவர் காசில் எல்லோருக்கும் பன்னும் டீயும்.

அடுத்த வாரம் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். கண்ணாடியோடு ஒருவர் பெங்களூர் போக வேண்டும், அங்கேயே வேலை.

"செல்வராஜ், ஒங்க குடியுரிமைப் பேப்பர்ல அப்பா பேரு தப்பாக் கெடக்கு. திருத்தி வர்றதுக்குள்ள ஃபைல் நின்னுரும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படத்துல நீங்க பேரு போட்டுருங்க. வெரசாக் கெளம்புங்க."

வரைபடத்தில் 'வடிவமைத்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். நான் செல்வராஜண்ணனைப் பார்த்தேன்.

"எழுதுங்க தம்பி. கண்ணாடி போய்ச் சேந்தாச் சரி" என்றார்.

எழுதினேன். ஓர் எழுத்தும் கோணவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தேன். பட்டறையையே மூடிவிட்டிருந்தார்கள். அவர் ஒரு ஹோட்டலின் பின்புறம், வெந்நீர் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தாங்குச்சா தம்பி?"

"எல்லா டெஸ்டும் தாங்கிருச்சுண்ணே. மேல அனுப்பப் போறாங்க."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைப் பிடிக்கும் அந்தத் தகடு முறையை பெங்களூரில் எல்லோரும் என் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. பேப்பர் திருந்தி வந்ததா என்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆகவில்லை.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். அந்தக் கண்ணாடி மேலே போனது. போன இடத்தில் சில வருடம் உழைத்தது என்றும் கேள்விப்பட்டேன். அதைச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுத நினைத்து நினைத்தே தலை நரைத்துவிட்டது.

போன மார்கழியில்தான் ஒருவழியாக அவரைத் தேடிப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் மூன்று மாடி விடுதி. செல்வராஜண்ணன் குடியிருந்த வரிசை வீடுகள் இல்லை. கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன்.

"சிலோன்காரங்களா? அந்த லைனை இடிச்சு ரொம்ப வருசமாச்சு சார். ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க. நீங்க தேடுறவர் பேரு என்னங்க?"

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை போலும், தண்ணீரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன்.

"அப்படி யாரும் இருந்த மாதிரித் தெரியலீங்களே" என்றாள்.