சுபத்துக்குப் பிறகு ஓடிய படம்

அந்தப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை ரோஸ் நிறம். எச்சில் தொட்டுப் புரட்டினால் விரல்நுனியும் ரோஸாகும். மறந்து வாயில் வைத்தால் நாக்கில் மைக் கசப்பு ஒட்டிக்கொண்டு சோறு உண்ணும்வரை போகாது. சினிமாக் கொட்டகை வாசலில் ஓரணாவுக்கு விற்ற அந்தச் சின்னப் புத்தகத்தில் பாட்டுகள் எண் போட்டு வரிசையாக இருக்கும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடுவார்கள். அப்படி நாங்கள் கண்ட மீதி, எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

யுத்த காலம். எனக்குப் பத்து வயது. உத்தமபாளையத்தில் அறுவடை முடிந்த வயலில் கித்தான் கொட்டகை போட்டு, நாலைந்து மாதம் படம் காட்டிவிட்டு, பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மணல் தரையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயர மண்சுவர். ஒரே ஒரு மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஆபரேட்டர் அடுத்த ரீலை மாட்டும்வரை முறுக்குக்காரர் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்.

அப்பாவின் தங்கை, என் செல்லத்தாயி அத்தை, அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். கூடலூரில் வாக்கப்பட்டவள். மாமா வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. அவருக்கு மலையில் ஒரு 'தொடுப்பு' இருந்தது. அந்தச் சொல்லை என் காதில் விழாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் என் முன்னால்தான் சொன்னார்கள். இரண்டு முறை மாமா சத்தியம் செய்து அத்தையை அழைத்துப் போய், இரண்டு முறையும் அத்தை டிரங்குப் பெட்டியோடு தனியே வந்து இறங்கினாள். அதன்பின் சனிக்கிழமைதோறும் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள்ளு விளக்கு ஏற்றினாள். மனுஷருக்குப் பிடித்த பீடை விலக வேண்டுமென்று வேண்டுதல். எனக்கு அந்த ஆளை அறவே பிடிக்காது. அத்தை என் பக்கத்தில் படுத்து, என் தலையைக் கோதிக்கொண்டே தூங்குவாள். அவள் ஊருக்குப் போகவே கூடாது என்பதுதான் என் ஆசை.

ஆனி மாதச் சாரலில் மாமா மூன்றாவது முறையாக வந்தார். வாசலிலேயே, அப்பா அம்மா முன்னால், பெண்டாட்டி காலில் சாஷ்டாங்கமாக விழுந்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆம்பள கால்ல விழுந்தாகன்னா அதுக்கு மேல என்ன வேணும்? குச்சனூரான் கண்ணத் தொறந்துட்டான்" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கட்டுவது என்று முடிவாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் வியாழக்கிழமை முதல் ஆட்டத்துக்கு எங்கள் எல்லோரையும் மாமாவே அழைத்துப் போனார். எனக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கித் தந்தவரும் அவர்தான். அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை, புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன் நாங்கள் பார்த்ததெல்லாம் புராணப் படம். இது வேறு மாதிரி விசித்திரம். ஒருவன் தினமும் பொழுது சாய்ந்ததும் ஜால்ராவைக் கையில் எடுத்துக்கொண்டு, பஜனைக்குப் போவதாகப் பெண்டாட்டியிடம் பாட்டாகவே சொல்லிவிட்டு, இன்னொருத்தி வீட்டுக்குப் போவான். சண்டையும் பாட்டு, சமாதானமும் பாட்டு. பெண்டாட்டி ஒருநாள் மீசை ஒட்டிக்கொண்டு பாகவதர் வேஷத்தில் அந்த வீட்டுக்கே போய் உட்காருவாள். அவளை அடையாளம் தெரியாமல், தன் பெண்டாட்டி எவ்வளவு அசடு என்று அவளிடமே தாளம் போட்டுக்கொண்டு அவன் பாடுவான். பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் மண்சுவரே அதிர்ந்தது. அத்தையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை.

பிறகு விளக்கு, முறுக்கு, இருட்டு. அடுத்த ரீலில் அவன் ஓடிவந்து பெண்டாட்டி காலில் விழுந்தான். அவள் மன்னித்தாள். இருவரும் மங்களம் பாடினார்கள். திரை முழுக்கப் பெரிதாக 'சுபம்' என்று விழுந்தது. ஜனங்கள் எழுந்து துண்டை உதறினார்கள்.

ஆனால் விளக்கணைந்து மிஷின் மறுபடி ஓடியது. காலில் விழுந்தவன் ஜால்ராவை எடுத்துக்கொண்டு, பஜனைக்குப் போய்வருகிறேன் என்று பாடியபடி மறுபடியும் கிளம்பினான். அந்த இன்னொருத்தி கதவைத் திறந்தாள். இருவரும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு ஒரு பாட்டு. இங்கே பெண்டாட்டி பெட்டியில் சேலைகளை அடுக்கி, மாட்டுவண்டியில் ஏறி, அழாமல் பாடிக்கொண்டே போனாள். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே படம் அறுந்த மாதிரி நின்று வெறும் வெள்ளைத் துணி தெரிந்தது. அவ்வளவுதான் படம்.

"இப்பத்தானடி கால்ல விழுந்தான், அதுக்குள்ளயா?" என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மா முணுமுணுத்தாள்.

நடந்தது எனக்குத் தெரியும். விளக்கு வரும்போதெல்லாம் மடியிலிருந்த புத்தகத்தில் பாட்டுகளை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மங்களம் கடைசிப் பாட்டு. ஊஞ்சல் பாட்டும் வண்டிப் பாட்டும் அதற்கு முந்தியவை. ரீல் டப்பாக்களின் மேல் சுண்ணாம்பால் எழுதிய எண்ணை வழியிலேயே சாரல் கழுவிவிட்டதாம், ஆபரேட்டர் குத்துமதிப்பாக மாட்டியதில் கடைசி இரண்டு ரீலும் இடம் மாறிவிட்டன. இது மறுநாள் ஊரெல்லாம் பேச்சானது. ஆனால் எனக்கு அன்றைக்கே தெரியும். வீடு திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். நான் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

காலையில் வண்டி வந்து நின்றது. அத்தை பெட்டியை எடுக்கவில்லை. "நான் வரலண்ணே" என்றாள் அப்பாவிடம்.

"நேத்து வரைக்கும் சரின்ன?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும்."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "கால்ல விழுந்தேன்ல, செல்லத்தாயி" என்றார்.

"படத்துல அவனும்தான விழுந்தான்" என்றாள் அத்தை.

"சினிமாவப் பாத்துட்டா குடும்பம் நடத்துவாக?" என்று அப்பா கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வண்டி வெறுமனே கூடலூர்ப் பக்கம் திரும்பியது.

அடுத்த பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திருந்தி வந்த மனுஷரை வாசலோடு திருப்பிவிட்டோம் என்று அப்பா புலம்பினார். சினிமாப் பேச்சை எடுத்தாலே அப்பா கத்தியதால், படத்தில் நடந்த தப்பை ஊரே பேசியும் அத்தையிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒருநாள் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நானே உடைத்தேன். "அத்தே, ரீல மாத்திப் போட்டுட்டாக. மங்களந்தான் கடைசி. எனக்கு அன்னைக்கே தெரியும். நீ போயிருவேன்னு சொல்லல" என்று அழுதேன்.

அத்தை சேலையைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தாள்.

"சுபம் போட்ட பெறகு படம் ஓடாதுன்னு எனக்குத் தெரியாதாடி? படத்துல ஓடாது. கூடலூர்ல ஓடும்" என்றாள்.

மாமா பிறகு ஒரே ஒரு முறை வந்தார், வாசலோடு போனார். மலையில் அந்தப் பெண்ணோடே இருந்துவிட்டதாகக் கேள்வி. உண்மையில் திருந்தித்தான் வந்தாரோ, நாங்கள்தான் துரத்திவிட்டோமோ என்று எனக்கும் சில சமயம் உறுத்தும். அத்தைக்கு அந்த உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. குச்சனூர் விளக்கை நிறுத்தினாள். அப்பா விட்டுக்கொடுத்த அரைக்குறுக்க நிலத்தில் கத்தரி போட்டு, அதே சனிக்கிழமைகளில் கூடையோடு தேனிச் சந்தைக்குப் பஸ் ஏறினாள். கடைசிவரை யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

கொட்டகை நின்ற வயலில் இப்போது சிமெண்டுக் கடை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை, எரிந்தோ உருகியோ போயிருக்கும் என்று என் பேரன் விசாரித்துச் சொன்னான். சரியான வரிசையில் அதைப் பார்த்தவர்கள் யாரும் இனி இருக்கமாட்டார்கள். ரோஸ் அட்டை வெளுத்த புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது; கேட்கும்போதெல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். மங்களத்தை முதலில் படித்துவிட்டு, பக்கத்தைப் பின்னால் புரட்டி, வண்டிப் பாட்டில் முடிப்பேன். அவள் போய் எத்தனையோ வருஷமாகிறது. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் படிக்க வருகிறது.