திட்டக்குடி போர்டு போட்ட விமானம்

என் வீட்டுக்காரர் விமானத்தில் ஏற மாட்டேன் என்றார். காரணம் கேட்டேன். "ஓட்றவன் மூஞ்சியப் பாக்காம நான் எந்த வண்டியிலயும் ஏறனது இல்ல" என்றார்.

விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் நடுவில் அரசு பஸ் ஓட்டியே ரிட்டையர் ஆனவர் அவர். இப்போது எங்கேயாவது பஸ்ஸில் போனால் டிரைவரின் முகம் தெரிகிற சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருவார். அந்த சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு முடிந்தபின் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

எங்கள் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். இங்கே வருவதாகத்தான் பேச்சு. பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் நாங்கள்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா வருவாராம்மா?" அம்மா வருவாளா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எரிச்சலாக இருந்தது.

"நீ போயிட்டு வா. நான் வூட்டப் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

வீட்டில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாயும் இல்லை, மாடும் இல்லை. ஆசை இல்லாத மனிதர் என்றால் விட்டிருப்பேன். ஹாலில் இன்னொரு கடிகாரத்தை மாட்டி அதில் சிங்கப்பூர் நேரம் வைத்திருந்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்ப்பார். "அங்க மணி மூணாவுது. புள்ள கொஞ்சம் படுத்திருக்கும்" என்பார். இப்படிப் பேசுகிற மனிதரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது?

நான் இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவள். சின்ன யூனிட். கொலு பொம்மை, கோப்பை, பூச்சாடி செய்கிறோம். கோப்பையில் ஒட்டும் பூப்படங்களைக் கம்ப்யூட்டரில் நானே வரைவேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வரைகிறவர்கள் இழுத்தடித்தார்கள். கோபத்தில் நானே கற்றுக்கொண்டேன். லீவில் வந்த மாப்பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரில்தான் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினார். அதை ஓட்ட ஜாய்ஸ்டிக் என்கிற ஒரு கைப்பிடியும் வாங்கிவந்து மாட்டினார். மாமனாரின் பயம் தெளியட்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம். மாமனார் ஒரு நிமிஷம் பார்த்தார். "வெள்ளையா, ஆஸ்பத்திரி மாரி இருக்குது. எவன் வண்டியோ" என்று எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார்.

எவன் வண்டியோ என்ற வார்த்தைதான் என்னை உட்காரவைத்தது. சரி, உங்கள் வண்டியாகவே ஆக்கித் தருகிறேன் என்று நினைத்தேன்.

அந்த விளையாட்டில் விமானத்தின் மேல்தோல் ஒரு தட்டையான படமாகத்தான் இருக்கும். ஆட்டுத்தோலை உரித்துப் பரப்பியதுபோல உடம்பு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு மூலை. அந்தப் படத்தில் வர்ணம் தீட்டி உள்ளே வைத்தால் விமானம் அதை உடுத்திக்கொள்ளும். எனக்கு இது புதிதில்லை. தட்டைத் தாளில் வரைந்து உருண்டைக் கோப்பையில் ஒட்டுவதுதானே என் பிழைப்பு.

வெள்ளையை எடுத்துவிட்டு அவர் ஓட்டிய பஸ்ஸின் பச்சையைப் பூசினேன். ஜன்னல் வரிசைக்குக் கீழே கோடு இழுத்தேன். பக்கத்தில் "விருத்தாசலம் – பெண்ணாடம் – திட்டக்குடி" என்று எழுதினேன். இடது பக்கம் சரியாக வந்தது. வலது பக்கம் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தோலை மடித்துப் போட்டிருக்கிறார்கள், சோம்பேறிகள். வலது பக்கத்துக்குத் தனியாக இடம் பிரித்துத் திரும்ப எழுதினேன். பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் உரசிய கீறலைப் பின்பக்கம் வரைந்தேன். ஜன்னலுக்குக் கீழே யாரோ வாந்தி எடுத்த தடத்தை லேசாக வழியவிட்டேன். அதைப் பார்த்தால் பஸ் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்ட வந்து கீறலை விரலால் தொட்டார்.

"இத எப்பிடி ஞாபகம் வச்சிருக்க?"

"நீங்க அதுக்காக ஒரு வாரம் பேசாம இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இல்லாம?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். வண்டியை உருட்டினார். ஓடுபாதையில் இடது ஓரமாகவே போனார். நடுவில் போகச் சொன்னேன். "எதுக்க வண்டி வந்தா?" என்றார். எதிரே வண்டி வராது என்று எவ்வளவு சொல்லியும் கை இடது பக்கமேதான் போனது. புல்லில் இறங்கி நின்றார். ஆனாலும் சிரித்தார். விமானம் என்ற பேச்சை எடுத்தபின் அவர் முதல் தடவை சிரித்தது அன்றைக்குத்தான்.

"எல்லாம் சரி. போர்டு எங்க? போர்டு இல்லாத வண்டியில எவன் ஏறுவான்?"

நியாயமான கேள்வி. போர்டு என்றால் வர்ணத்தில் வராது. பஸ்ஸில் இருப்பதுபோல முன்கண்ணாடிக்கு மேலே பெட்டியாக நிற்க வேண்டும். அதற்கு விமானத்தின் உருவத்தையே திறக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். அதைக் கற்றுக்கொள்வதற்குள் யூனிட்டில் ஒரு சூளை பொம்மை கருகியது. திட்டு எல்லோருக்கும் விழுந்தது, தப்பு என்னுடையது. போர்டை வைத்தேன். "திட்டக்குடி" என்று மஞ்சளில் எழுதினேன். திருப்தியாக அவரைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தவர் முகம் செத்துவிட்டது. சக்கரம் மூன்றும் பாதி வரைக்கும் தரைக்குள் புதைந்திருந்தது.

"டயரு பூந்துடுச்சே" என்றார். "ரோட்டுலயே பூந்துக்குதுன்னா மேல போயி என்னா ஆவும்?"

"இது பொம்மைங்க."

"பொம்மையே இப்பிடின்னா."

எழுந்து போய் டிவி போட்டுக்கொண்டார். வந்த கோபத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் போடலாமா என்று இருந்தது. எங்கே தப்பு என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. கடைசியில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் படத்தைப் போட்டுக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். உருவத்தைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள், ஆனால் சக்கரம் எங்கே தரையைத் தொட வேண்டும் என்கிற கணக்கு வேறொரு ஃபைலில் பழைய அளவிலேயே இருக்கிறது, எதற்காகப் பெரிதாக்கினீர்கள் என்று கேட்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தொழிலில் அச்சுக்கு எந்த உருவம் எடுத்தாலும் முதல் வேலை அதைப் பெரிதாக்குவது. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். பெரிதாகச் செய்தால்தான் வெந்து வரும்போது சரியான அளவில் நிற்கும். விமானத்தைத் திறந்ததும் என் கை யோசிக்காமல் அதைப் பெரிதாக்கியிருக்கிறது. "சூளையில் சுருங்கும் என்று செய்துவிட்டேன்" என்று உண்மையை எழுதினேன். "எந்தச் சூளையில்?" என்று அந்த ஆள் திரும்பக் கேட்டார்.

பழைய அளவுக்குக் குறைத்ததும் சக்கரம் தரையில் நின்றது. நடந்ததை இவரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வானத்துல போறத வேவ வச்சிட்டா" என்று எதிர் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லட்டும். திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்தார். அதுதான் எனக்கு வேண்டும்.

அதன்பின் தினமும் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். சண்டை போட்டுச் சண்டை போட்டு ஓடுபாதையின் நடுவுக்கும் வந்துவிட்டார். இனி டிக்கெட் போடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஓட்டிப் பாத்ததுல ஒண்ணு தெரிஞ்சிபோச்சி" என்றார். "இது லேசுப்பட்ட வேல இல்ல. ஓட்றவன் அசந்தா அவ்ளோதான். நானே ஓட்டறதுன்னா வரேன்."

நான் இவ்வளவு நாள் பாடுபட்டது இந்த மனிதரை இன்னும் பயமுறுத்தத்தான் என்று தெரிந்தது. கத்தினேன். அவரும் கத்தினார். கத்தி முடித்தபின் ஒன்று புரிந்தது. இவருக்கு விமானம் பயம் இல்லை. பின் சீட்டுதான் பயம். ஓட்டக் கற்றுக்கொடுத்து என்ன பிரயோஜனம்? உட்காரத்தான் பழக்க வேண்டும்.

அதனால் விமானத்தின் உட்புறத்துக்கு வந்தேன். சீட்டுகளுக்குக் கிழிந்த பச்சை ரெக்சின் போட்டேன். ஜன்னலுக்கு மேலே "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று சிவப்பில் எழுதினேன். திரையில் தெரிகிற பார்வையை இறக்கைக்குப் பக்கத்து ஜன்னல் சீட்டில் நிறுத்தினேன். அங்கே உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் முகம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். கைப்பிடியை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"யாரு ஓட்றது?"

"நான்தான்."

"நீயா? ஒனக்கு ஸ்கூட்டியே வராதே."

"டிக்கெட்டு வாங்கியாச்சி. பேசாம ஒக்காருங்க."

எனக்கு வர்ணம் பூசத் தெரியும். ஓட்டத் தெரியாது. திருச்சியிலிருந்து எப்படியோ கிளப்பிவிட்டேன். ஜன்னல் சரிந்தது, வானம் ஒரு பக்கம் தொங்கியது. இவருடைய வலது கால் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "நேரா புடி, நேரா புடிடி" என்றார். பயணிகள் டிரைவரிடம் பேசக் கூடாது என்றேன். வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலை உற்றுப் பார்த்து, "இது நம்ம ஊரா? பழமலைநாதர் கோயிலக் காணோமே" என்றார். கோபுரம் எதையும் அந்த விளையாட்டில் வைக்கவில்லை. ஆறும் ரயில் பாதைகள் பிரிகிற இடமும் இருந்தன. "தோ ஜங்ஷன்" என்று அவரே கண்டுபிடித்துக் காட்டினார். ஓட்டுகிறவளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டார்.

திருச்சிக்கே திருப்பிக் கொண்டுவந்து இறக்கும்போதுதான் கெட்டது. தரையில் மோதி எகிறினேன், மறுபடியும் மோதினேன். ஒரு இறக்கை மண்ணைத் தேய்த்தது. புல்லில் குறுக்காக நின்றோம். அவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்திருந்தார்.

"டிக்கெட்டு போடச் சொல்லு" என்றார்.

"எதுக்கு?"

"சிங்கப்பூருக்குத்தான். ஒன்கூட ஒக்காந்தே உசுரோட வந்துட்டேன். அங்க ஓட்றவன் ஒன்னவிட மோசமாவா ஓட்டிடப் போறான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கைப்பிடியை மேசையில் போட்டுவிட்டு, இவர் மனசு மாறுவதற்குள் மகளுக்கு போன் போட்டேன். அப்பா வருகிறார் என்றேன். அவள் நம்பவில்லை. "எப்பிடிம்மா ஒத்துக்கிட்டாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஒங்கம்மா ஓட்டிக் காட்டுனா. அந்த வண்டியிலேருந்து எறங்குனதே சாமி புண்ணியம். வரேன், வரேன். நீ நேரத்துக்குச் சாப்புடு" என்றார்.

அவள் அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. சிரித்துச் சிரித்து அது அழுகையாக மாறியதும் கேட்டது. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.