ஐந்தாவது பெல்ட்

என் மகள் அந்த ஜீப்பில் உட்காரப்போகிறாள் என்பதை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஒரு நாள் மருமகன் இரண்டு சீட்டுகளைக் கொண்டுவந்து என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். பழைய சீட்டுகள். மேல் துணி கிழிந்து ஸ்பஞ்சு வெளியே தெரிந்தது.

"ரெண்டுக்கும் ரெக்சின் போட்டுக் குடுங்க அத்த" என்றார்.

ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மருமகனிடம் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவர் வந்தால் எழுந்து நிற்பேன், குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் மகள் வந்த பிறகு மகளிடம் கேட்டுக்கொள்வேன். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. மருமகன் என்று இல்லை, ஆம்பளைகள் நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது.

சாயங்காலம் மகள் வந்தாள். அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. பாகூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால், தவளக்குப்பம் கூட்டத்தில் நுழைந்து திரும்பி வர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

"இன்னொரு சீட்டு யாருக்குடி?"

"எனக்குத்தான். அவரு ஓட்டுவாரு. நான் பக்கத்துல குந்திகினு வழி சொல்லுவன்."

மருமகனுக்குக் கரும்பும் நெல்லும்தான் பிழைப்பு. ஆனால் சின்ன வயதிலிருந்தே வண்டிப் பைத்தியம். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார். இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு இடத்தில் கூடி, குழியும் சேறும் வெட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பார்களாம். போட்டி மாதிரி. அதற்குத்தான் இரண்டு பேரும் போகப்போகிறார்கள்.

"வண்டி கவுந்துட்டா?"

"கவுறும்மா. அதுக்குத்தான் உள்ள இரும்புக் கொழாயில கூண்டு போட்டிருக்குது."

சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். என் பெண்ணைத் தடுக்க முடியாது. அவள் அப்பாவாலேயே முடிந்ததில்லை. படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். போகாதே என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனால் வண்டி எப்படிப் புரண்டாலும் அந்தச் சீட்டு அவளை விடாமல் பிடித்துக்கொள்ளுமா என்று பார்க்கலாம் அல்லவா. அதைப் பார்க்காமல் அவளை ஏற்றி அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

சீட்டுகளுக்கு உறை தைக்க உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இரண்டிலும் உட்காரும் இடத்தின் முன்பக்கம் நடுவில், உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. கிழிசல் இல்லை, ஓரம் கட்டி ஒழுங்காக விட்ட ஓட்டை. அளவு கேட்க, ஜீப் நிற்கிற வெல்டிங் பட்டறைக்குப் போனபோது வெல்டரிடம் கேட்டேன். எங்கள் பக்கம் டிராக்டருக்கு டிரெய்லர் செய்கிறவர் அவர்தான். நல்ல மனுஷன்.

"மாப்ள சீட்டுல அப்டியே வுட்டுடுங்க பெரிம்மா. இன்னொன்னுல மூடித் தச்சிடுங்க."

"ஏம்பா, ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குது?"

"அது தேவப்படாது பெரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் மேலே என்ன கேட்பது. வீட்டுக்கு வந்து இரட்டைத் தையல் போட்டு மூடினேன்.

பிறகு சீட்டை வண்டியில் பொருத்துகிற வேலை. வண்டியின் தரைத் தகடு துரு பிடித்துப் போயிருந்தது. அதில் சீட்டை முடுக்கினால் தகட்டோடு பிய்ந்து வந்துவிடும் என்று வெல்டர் சொன்னார். அதனால் கூண்டின் இந்தப் பக்கத்துக் குழாயிலிருந்து அந்தப் பக்கத்துக் குழாய்க்குக் குறுக்கே இரண்டு குழாய் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் சீட்டின் காலை போல்ட் போட்டு முடுக்கினார். முதுகுக்குப் பின்னால் இன்னொரு குறுக்குக் குழாய். தோள் பெல்ட் இரண்டும் அதிலிருந்து வரும். வண்டி உருண்டாலும் கூண்டும் சீட்டும் ஆளும் ஒன்றாகவே உருள வேண்டும், அதுதான் கணக்கு என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காதது, எல்லா அளவும் மருமகன் உடம்பை வைத்தே எடுத்தது. அவர் நல்ல உயரம். என் பெண் என்னைப் போலக் குட்டை. அவள் வேலைக்குப் போகிற நேரத்தில்தான் பட்டறை திறந்திருக்கிறது. அவள் வரும்போது மூடிவிடுகிறார்கள்.

"ஒன்ன எப்ப ஒக்கார வெச்சிப் பாப்பாங்க?" என்றேன்.

"கடசில பாத்துக்கலாம்மா."

"கடசில பாத்தா? எல்லாத்தையும் பத்தவெச்ச பொறவா? நான் போயி ஒக்கார்றன். ஒனக்கும் எனக்கும் ஒரே ரவிக்கை அளவுதான."

அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. உடனே போனை எடுத்து வெல்டரைக் கூப்பிட்டாள். "அண்ணே, டைலருக்கு அளவு ஜாக்கெட் குடுத்து அனுப்புவாங்க இல்ல, அது மாதிரி எங்கம்மாவக் குடுத்து அனுப்பறன். பத்திரமாத் திருப்பி அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் புடவையோடு போனேன். உள்ளே ஏறுவதற்கே ஒரு பாடு. கூண்டுக் குழாயைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். மருமகனும் வெல்டரும் ஏதோ ரோட்டில் முக்கியமானது போகிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உட்கார்ந்து, இடுப்புக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, நாலு பெல்ட்டையும் வயிற்றுக்கு நேரே இருந்த பூட்டில் சொருகினேன். தோள் பெல்ட் தோளில் படியவே இல்லை. நாலு விரல் இடைவெளியில் மேலே நின்றது.

"பாருங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

வெல்டர் வந்து பார்த்தார். "ஆமா பெரிம்மா. பின்னாடி கொழாய எறக்கினா மாப்ளைக்குத் தோள அமுக்கும். இந்தச் சீட்ட ஏத்தறன்" என்றார். சீட்டின் காலுக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்து உயர்த்தினார். மறுபடி உட்கார்ந்தேன். இப்போது பெல்ட் தோளில் படிந்து, பின்னால் நேராக ஓடியது.

"அவ்ளோதான். முடிஞ்சிது" என்றார் மருமகன்.

"ஓட்டிப் பாக்கலாம்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "ஒங்களுக்கு இன்னாத்துக்கு அத்த? குலுக்கும்."

"குலுக்கட்டும். அவள மட்டும் குலுக்காதா?"

கரும்பு வெட்டி முடிந்த நிலம் ஒன்று ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மருமகன் வண்டியைக் கரைமேல் ஏற்றி, மெதுவாகத்தான் இறக்கினார். பாதிச் சரிவில் பிரேக் போட்டார். அவ்வளவுதான், சீட்டில் இருந்த நான் கீழே வழுக்கிக்கொண்டு போனேன். இடுப்பில் இருந்த பெல்ட் வயிற்றுக்கு ஏறி, விலா எலும்புக்கு வந்து, மூச்சை அடைத்தது. முழங்கால் முன்னால் இடித்தது. பூட்டு மார்புக்கு வந்துவிட்டது. புடவை எங்கே போனது என்றே தெரியவில்லை.

மருமகன் பதறி இறங்கினார். என் கோலத்தைப் பார்த்ததும் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அத்த, அடி பட்டுச்சா?" என்று ஏரியைப் பார்த்தே கேட்டார்.

நான் பூட்டை அவிழ்த்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வந்த பிறகு அவருடைய சீட்டைப் பார்த்தேன். அதே சரிவு, அதே பிரேக். அவர் மட்டும் வழுக்கவில்லையே. அவர் சீட்டின் நடு ஓட்டையிலிருந்து ஐந்தாவதாக ஒரு பெல்ட் மேலே வந்து கிடந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் வந்து அந்தப் பூட்டிலேயே சேருகிற பெல்ட். இடுப்பு பெல்ட்டை மேலே ஏற விடாமல் கீழே இழுத்துப் பிடிப்பது அதுதான். என் சீட்டில் அந்த இடத்தை என் கையாலேயே மூடித் தைத்திருக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பினோம். என் சீட்டுக்கு வந்த ஐந்தாவது பெல்ட் சுவரில் ஆணியில் தொங்கியது. புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இத ஏம்பா மாட்டல?"

வெல்டர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "பொம்பளைங்க குந்தற சீட்டு பெரிம்மா. அது எங்க வருதுன்னு எப்டிச் சொல்றது? இறுக்கமா லூசான்னு எப்டிக் கேக்கறது? தங்கச்சி மாதிரி அது."

மருமகனைப் பார்த்தேன். நான் நேராக அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"நாலு போதும்னு நெனச்சன் அத்த" என்றார். காது சிவந்திருந்தது.

கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். மரியாதைதான். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் இரும்பை வளைப்பார்கள், நெருப்பில் கை வைப்பார்கள், ஒரு பெண்பிள்ளையிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். நானும் அப்படியே வளர்ந்தவள்தான். இடுப்பு என்ற வார்த்தையைக்கூட மெதுவாகச் சொல்கிறவள். ஆனால் அந்தச் சரிவில் என் விலாவில் ஏறின பெல்ட்டை என்னால் மறக்க முடியவில்லை. அது மெதுவாக ஓட்டினபோது. வேகத்தில் என்ன ஆகும்?

"நீங்க ரெண்டு பேரும் வெக்கப்பட்டுகினு நில்லுங்க, எம்பொண்ணு கீழ வழுக்கிப் போவட்டும், அப்டியா?" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "அந்த மெத்தையக் கழட்டிக் குடுங்க. நான் பிரிக்கறன். நாளைக்கு வரன். அஞ்சையும் மாட்டுங்க."

இரவு மகளிடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. தன் வீட்டுக்குப் போனவள் போட்ட சத்தம் அடுத்த தெருவில் இருக்கிற எனக்கே கேட்டது. "வெல்டருக்கு வெக்கம், சரி. கட்டிகினவனுக்குமாய்யா வெக்கம்?"

இரட்டைத் தையலைப் பிரிப்பது லேசில்லை. நூல் ஒவ்வொன்றாக அறுத்து, ஓட்டையைத் திறந்து, பெல்ட் உரசிப் பிசிறாமல் இருக்கச் சுற்றிலும் கெட்டி ரெக்சினால் ஓரம் கட்டினேன். புடவையோடு அந்த பெல்ட்டைப் போட முடியாது. அதனால் காலையில் மகளுடைய சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிறந்ததிலிருந்து பேன்ட் என்று ஒன்றைப் போட்டதில்லை. இரண்டு காலும் தனித்தனியாக நடக்கிற மாதிரி இருந்தது. மேலே ஒரு பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் பட்டுவிட்டேன்.

"இன்னா யக்கா, கீழ பேன்ட்டு எட்டிப் பாக்குது? அஞ்சாங் கிளாஸோட வுட்ட படிப்ப முடிக்கப் போறியா?"

"ஆமா, ஆறாங் கிளாஸுல சேக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வேறு நாளாக இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

பட்டறையில் புடவையை அவிழ்த்து மடித்து வைத்தேன். வெல்டர் சீட்டுக்கு அடியில் இருந்த குறுக்குக் குழாயில் இரும்புக் காது ஒன்றைப் பற்றவைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைக் கோத்து ஓட்டை வழியாக மேலே விட்டார். நான் ஏறி உட்கார்ந்து ஐந்தையும் பூட்டில் சொருகினேன். அவர் தூரமாக நின்று, கூரையைப் பார்த்தபடி, "சரியா இருக்குதா பெரிம்மா?" என்றார்.

"கூரையப் பாத்தா எப்டித் தெரியும்? இங்க வந்து பாரு. லூசா இருக்குது. இன்னும் இழு."

வந்தார். இழுத்தார். "போதுமா?"

"இன்னும்."

மறுபடி ஏரிக்கரை. சரிவில் பிரேக் போட்டார். உடம்பு முன்னால் போகப் பார்த்தது, பெல்ட் விடவில்லை. இடுப்பெலும்பிலேயே நின்றது. "சரியா அத்த?" என்றார் மருமகன், நேரே முன்னால் பார்த்தபடி.

"இன்னொரு தரம். வேகமா."

போதும் என்று நான் சொல்கிறவரைக்கும் ஏற்றி இறக்கினார். மறுநாள் உடம்பெல்லாம் வலி. அன்றைக்கு வலிக்கவில்லை.

போட்டி ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டின காலி நிலத்தில் நடந்தது. கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஜனம். பெரும்பாலும் ஆம்பளைகள். நான் கடைசியில் நின்றேன். எங்கள் வண்டி முதல் குழியில் இறங்கி ஏறியது. இரண்டாவது மேட்டில் ஏறும்போது வலது சக்கரம் தூக்கியது. தூக்கினது இறங்கவில்லை. வண்டி அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்து சேற்றில் படுத்தது. என் பெண் இருந்த பக்கம்.

யாரோ விசில் ஊதினார்கள். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய்விட்டேன். "யம்மா, உள்ள போவக் கூடாது" என்று ஒருவர் கத்தினார். காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை. முழங்கால் சேறு. கூண்டுக் குழாய் சேற்றில் புதைந்திருந்தது, ஆனால் வளையவில்லை. மருமகன் மேல்பக்கம் தன் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். என் பெண் சீட்டோடு சீட்டாகப் பக்கவாட்டில் இருந்தாள். ஹெல்மெட்டெல்லாம் சேறு. கண் திறந்திருந்தது.

"இன்னாத்துக்கும்மா சேத்துல வந்த? பொடவ பாழாப் போவுது" என்றாள்.

குனிந்து குழாய்க்கு நடுவே கையை விட்டு, இடுப்பு பெல்ட்டைத் தேடிப் பிடித்தேன். சேற்றுக்குள் விரலால் தடவிப் பார்த்தேன். இடுப்பெலும்பின் மேலேயே இருந்தது. வயிற்றுக்கு ஒரு விரல்கூட ஏறவில்லை.

நிமிர்ந்தேன். சுற்றிலும் ஓடிவந்த ஆம்பளைகள் கையில் கயிற்றோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லாதான் இருக்குறா. தூக்குங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.